தேர்தல் பத்திரமும் கம்பெனிப் பணமும்: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தேர்தல் பத்திரம் மூலம் எந்தெந்தக் கம்பெனி பணம் கொடுத்தது, எந்தெந்தக் கட்சி வாங்கியது என்ற பட்டியல் 2024 மார்ச்சில் வெளியானதிலிருந்து குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் ஆபீஸ் கேன்டீனிலும் ஒரே கேள்விகள் சுற்றிச் சுற்றி வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக டைப் பண்ணி விரல் தேய்ந்துவிட்டது, அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். நான் வக்கீலோ ஆடிட்டரோ இல்லை. இந்தத் திட்டத்தை ரத்து செய்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பைப் படித்தேன், பட்டியலைப் பார்த்தேன், அவ்வளவுதான் என் தகுதி.

தேர்தல் பத்திரம்னா என்ன, ஒரு தடவை தெளிவாச் சொல்லுங்களேன்?

வங்கியில் எடுக்கும் டிடி மாதிரி ஒரு தாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் டிடியில் யாருக்குப் போகிறது என்று எழுதியிருக்கும், இதில் வாங்கியவர் பெயரும் கிடையாது, வாங்கிக்கொள்ளும் கட்சியின் பெயரும் கிடையாது. 2017 பட்ஜெட்டில் அருண் ஜெட்லி அறிவித்தார், 2018 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஸ்டேட் பேங்கின் குறிப்பிட்ட சில கிளைகளில் மட்டும், ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை பத்து நாள் விற்பார்கள், தேர்தல் வந்தால் கூடுதல் நாள் உண்டு. கேஒய்சி, அதாவது அடையாள ஆவணம், கொடுத்து வாங்கிப் பிடித்த கட்சியிடம் சேர்த்துவிட வேண்டும். கட்சி 15 நாளுக்குள் கணக்கில் போட்டுக்கொள்ள வேண்டும், விட்டால் பணம் பிரதமர் நிவாரண நிதிக்குப் போய்விடும்.

1,000, 10,000, 1 லட்சம், 10 லட்சம், 1 கோடி என ஐந்து மதிப்புகளில் தாள்கள் இருந்தன. ஆயிரம் ரூபாய்த் தாளைக் காட்டி இது சாமானியனுக்கும் ஆன திட்டம் என்றார்கள். விற்ற தொகையில் 90 சதவீதத்துக்கு மேல் 1 கோடி ரூபாய்த் தாள்களில்தான் இருந்தது. நம் தெருவில் யாராவது வாங்கியிருந்தால் சொல்லுங்கள், போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

பேங்க் வழியா, கேஒய்சியோட போன பணம். வெள்ளைப் பணம்தானே, அப்புறம் என்ன குறை?

இதைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள், நியாயமான கேள்விதான். முன்பு மூட்டையில் போன பணம் இப்போது வங்கி வழியாகப் போகட்டுமே என்பதுதான் அரசு சொன்ன காரணமும்.

குறை பத்திரத்தோடு சேர்த்து மாற்றிய மற்ற சட்டங்களில் இருக்கிறது. அதற்கு முன் ஒரு கம்பெனி, கடந்த மூன்று ஆண்டு சராசரி நிகர லாபத்தில் 7.5 சதவீதம் வரைதான் கட்சிகளுக்குக் கொடுக்க முடியும், எந்தக் கட்சிக்கு எவ்வளவு என்று கணக்கிலும் காட்ட வேண்டும். 2017 நிதிச் சட்டத்தில் இரண்டையும் எடுத்துவிட்டார்கள். ஆக, லாபமே இல்லாத கம்பெனியும் கொடுக்கலாம், எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம், யாருக்கு என்று யாரிடமும் சொல்ல வேண்டாம். நஷ்டத்தில் ஓடும் கம்பெனி எங்கிருந்து கோடிக்கணக்கில் எடுத்துக் கொடுக்கிறது? வேறு யாரோ அதன் வழியாகக் கொடுக்கிறார்கள் என்று சந்தேகப்பட பெரிய மூளை தேவையில்லை. பட்டியல் வந்தபோது அப்படிப்பட்ட கம்பெனிகள் அதில் இருக்கத்தான் செய்தன.

இதை முன்கூட்டியே சொன்னவர்கள் எதிர்க்கட்சிக்காரர்கள் மட்டும் இல்லை. ரிசர்வ் வங்கி 2017 ஜனவரியிலேயே வேண்டாம் என்று எழுதியது: பெயரில்லாத தாள் கைமாறிப் போகும், முதலில் வாங்கியவரை மட்டும் தெரிந்து என்ன பயன் என்பது அதன் கவலை. அதே ஆண்டு மே மாதம் தேர்தல் ஆணையம், இது வெளிப்படைத்தன்மையைப் பின்னுக்கு இழுக்கும் என்று சட்ட அமைச்சகத்துக்கு எழுதியது. ரிசர்வ் வங்கி சொன்னதை ஓரமாக வைத்துவிட்டு, மாநிலங்களவை தடுக்க முடியாதபடி பண மசோதாவாக மார்ச்சிலேயே நிறைவேற்றியிருந்தார்கள், பிறகு ஆணையம் சொன்னதையும் கேட்கவில்லை.

ரகசியம்னா ஆளுங்கட்சிக்கும் தெரியாதுதானே? அப்ப சமம்தானே?

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள், என் கோபம் முழுக்க இங்கேதான் இருக்கிறது.

கறுப்பு சன்ஃபிலிம் ஒட்டிய கார் கண்ணாடி தெரியும் இல்லையா? உள்ளே இருப்பவருக்கு ரோட்டில் நிற்கும் நாம் நன்றாகத் தெரிவோம், நமக்கு உள்ளே இருப்பவர் தெரிய மாட்டார். தேர்தல் பத்திரம் அப்படித்தான் இருந்தது. யார் வாங்கினார், எந்தக் கட்சி போட்டுக்கொண்டது, இரண்டு விவரமும் ஸ்டேட் பேங்கில் இருந்தது. ஸ்டேட் பேங்கின் பெரும்பங்குதாரர் மத்திய அரசு. நீதிமன்றம் கேட்டாலோ, விசாரணை அமைப்பு குற்ற வழக்குப் பதிந்தாலோ விவரம் தரலாம் என்று திட்டத்திலேயே எழுதியிருந்தது. அமலாக்கத்துறையும் சிபிஐயும் யாருக்குக் கீழ் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அதோடு, 2018 ஏப்ரலில் ஒரு பத்திரிகையாளர் ஆயிரம் ரூபாய்ப் பத்திரம் வாங்கி ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்தார். வெறும் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. புற ஊதா விளக்கைக் காட்டினால் வலது மேல் மூலையில் எழுத்தும் எண்ணுமாக ஒரு வரிசை எண் பளிச்சென்று தெரிந்தது. போலித் தாளைத் தடுக்கத்தான் அது என்று அரசு விளக்கம் சொன்னது. இருக்கலாம். ஆனால் கடைசியில் யார் யாருக்குக் கொடுத்தார் என்பதைக் கண்டுபிடிக்க உதவியது அந்த எண்தான்.

ஆக, கம்பெனிக்குத் தெரியும், கட்சிக்குத் தெரியும், ஆட்சியில் இருப்பவர் நினைத்தால் எதிர்க்கட்சிக்குக் கொடுத்தவர்களையும் தெரிந்துகொள்ளலாம். தெரியாமல் இருந்தது ஓட்டுப் போடுபவருக்கு மட்டும். 2023 அக்டோபரில் மத்திய அரசின் தலைமை வக்கீலான அட்டர்னி ஜெனரல் உச்ச நீதிமன்றத்தில், கட்சிகளின் நிதி எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ள மக்களுக்கு அப்படியொரு பொதுவான உரிமை இல்லை என்றே வாதிட்டார். அதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை என்றால் மிகைதான், ஆனாலும் இரண்டு தடவை படித்தேன்.

கோர்ட் என்னதான் சொல்லுச்சு?

2024 பிப்ரவரி 15 அன்று, தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையில் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாகத் திட்டம் செல்லாது என்றார்கள். வாக்காளரின் தகவல் அறியும் உரிமை அரசியல் சட்டம் 19(1)(அ) பிரிவின் கீழ் வருகிறது, அதைப் பறிக்கிறது என்பது முதல் காரணம். கம்பெனிகள் வரம்பில்லாமல் கொடுக்கலாம் என்ற மாற்றத்தையும் தனியாக ரத்து செய்தார்கள். தனி மனிதர் ஒரு கட்சியின் மேல் இருக்கும் பற்றினால் கொடுக்கலாம், கம்பெனி கொடுப்பது வியாபாரம், திரும்ப ஏதாவது கிடைக்கும் என்றுதான் கொடுக்கிறது என்ற வேறுபாட்டைத் தீர்ப்பு வெளிப்படையாகவே பேசியது.

வழக்குப் போட்டது 2017இல். தீர்ப்பு வருவதற்குள் ஒரு நாடாளுமன்றத் தேர்தலும் ஏகப்பட்ட சட்டமன்றத் தேர்தல்களும் அந்தப் பணத்திலேயே நடந்து முடிந்துவிட்டன.

பட்டியல் வெளியே வந்த கதை?

விவரங்களைத் தேர்தல் ஆணையத்திடம் கொடுக்கச் சொன்னது தீர்ப்பு, அதற்கு ஸ்டேட் பேங்க் ஜூன் 30 வரை அவகாசம் கேட்டது. 2024 நாடாளுமன்றத் தேர்தலே ஜூன் 4 அன்று முடிவு வந்து முடிந்துவிட்டது, கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 2019 ஏப்ரலுக்குப் பிறகு விற்ற பத்திரம் மொத்தம் 22,217. நாட்டின் ஆகப் பெரிய வங்கிக்கு இருபத்திரண்டாயிரம் வரியை ஒப்பிட நாலு மாதமா என்று நீதிபதிகளும் விடவில்லை, மார்ச் 11 அன்று மறுநாளே கொடு என்றார்கள்.

மார்ச் 14 இரவு தேர்தல் ஆணையம் இரண்டு பிடிஎஃப் போட்டது. ஒன்றில் வாங்கியவர்கள், இன்னொன்றில் கட்சிகள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு நானும் என் மச்சானும் உட்கார்ந்தோம். ஒரு பக்கம் தேதி, கம்பெனி பெயர், தொகை. மறுபக்கம் தேதி, கட்சி, தொகை. நடுவில் கோர்க்க நூல் இல்லை. 1,00,00,000, 1,00,00,000, 1,00,00,000 என்று ஒரே எண் பக்கம் பக்கமாகக் கீழே இறங்கிக்கொண்டே போனது. ஒரு மணிக்கு மச்சான் தூங்கப் போய்விட்டான். அந்த வரிசை எண்ணையும் கொடு என்று நீதிமன்றம் திரும்ப உத்தரவு போட்ட பிறகு மார்ச் 21 அன்று முழு விவரம் வந்தது. பத்திரிகைகளும் தன்னார்வலர்களும் உடனே கணினியில் போட்டு ஒப்பிட ஆரம்பித்துவிட்டார்கள், ஜூன் வரை யாரும் காத்திருக்கவில்லை.

ரெய்டு விட்டுப் பணம் பறிச்சாங்கன்னு சொல்றாங்களே, உண்மையா?

தேதிகளைச் சொல்கிறேன், முடிவை நீங்களே எடுங்கள். ஹைதராபாத்தின் அரபிந்தோ பார்மா கம்பெனியின் இயக்குநர் ஒருவரை டெல்லி மதுபான வழக்கில் அமலாக்கத்துறை 2022 நவம்பர் 10 அன்று கைது செய்தது. நவம்பர் 15 அன்று அந்தக் கம்பெனி 5 கோடிக்குப் பத்திரம் வாங்கியது, அது பாஜகவுக்குப் போனது. 2023 ஜூனில் அவர் அப்ரூவர், அதாவது அரசுத் தரப்பு சாட்சியாக மாறிய குற்றவாளி, ஆனார். நவம்பரில் இன்னும் 25 கோடி, அதுவும் பாஜகவுக்கு. இதே கம்பெனி முன்பு தெலங்கானாவில் ஆண்ட பிஆர்எஸ் கட்சிக்கும் கொடுத்திருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

இதை வைத்துக் குற்றம் நிரூபணமாகிவிட்டது என்று சொல்ல முடியாது. சிறப்பு விசாரணைக் குழு வைக்கக் கேட்ட மனுக்களை 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே ஏற்கவில்லை. ஆனால் இங்கே லஞ்சம் என்ற சொல்லைப் பிடித்துத் தொங்குவதே தப்பு என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு அமைச்சர் வாயைத் திறந்து எதையும் கேட்கத் தேவையில்லை, கம்பெனியும் எதையும் சொல்லத் தேவையில்லை. ஊர்த் திருவிழாவுக்கு நோட்டு எடுத்துக்கொண்டு கடைக்கடையாக வரும்போது, கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று எந்தக் கடைக்காரராவது கேட்டிருக்கிறாரா?

லாட்டரி மார்ட்டின் எதுக்கு திமுகவுக்கு அவ்வளவு கொடுத்தார்? தமிழ்நாட்டில்தான் லாட்டரியே இல்லையே?

எனக்கும் புரியாத கணக்கு இது. பட்டியலில் முதலிடம் கோயம்புத்தூரைச் சேர்ந்த மார்ட்டினின் ஃபியூச்சர் கேமிங் கம்பெனிக்கு, 1,368 கோடி ரூபாய். அதில் 540 கோடி அளவுக்கு மேற்கு வங்கத்தின் திரிணமூல் காங்கிரஸுக்கு, 500 கோடிக்கு மேல் திமுகவுக்கு. மிச்சத்தில் ஒய்எஸ்ஆர் காங்கிரஸ், பாஜக, காங்கிரஸ் என்று எல்லோருக்கும் பந்தி வைத்திருக்கிறார். மேற்கு வங்கத்தில் அவர்களின் லாட்டரி தெருத்தெருவாக விற்கிறது, அது புரிகிறது. இங்கே 2003இல் ஜெயலலிதா தடை செய்தது செய்ததுதான், திமுக வந்தும் தடை நீங்கவில்லை. அப்படியானால் 500 கோடி எதற்கு? நேரடியான பதில் யாரும் தரவில்லை. திமுக தனக்கு யார் கொடுத்தார் என்ற பெயரைத் தானாகவே வெளியிட்டது, பெரும்பாலான கட்சிகள் அதைக்கூடச் செய்யவில்லை, அந்த மட்டில் பாராட்டலாம். ஆனால் பெயரைச் சொன்னால் மட்டும் கேள்வி தீர்ந்துவிடாது.

எல்லாக் கட்சியும் வாங்கினதுதானே?

கிட்டத்தட்ட. 2019 ஏப்ரலுக்குப் பிறகான கணக்கில் பாஜக 6,060 கோடி, திரிணமூல் 1,609, காங்கிரஸ் 1,421, பிஆர்எஸ் 1,214, திமுக 639. அதிமுகவுக்கு 6 கோடி சொச்சம்தான், அதில் 5 கோடி சென்னை சூப்பர் கிங்ஸ் கம்பெனி கொடுத்தது. இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகளும் பத்திரம் வாங்கவில்லை, மார்க்சிஸ்ட் கட்சி வழக்கே போட்டது.

பாஜகவுக்குப் பாதியளவு வந்ததைப் பார்த்து, எம்பிக்கள் எண்ணிக்கைக்கு ஏற்றபடிதானே வந்திருக்கிறது என்று ஒரு வாதம் ஓடியது. அந்த வாதத்தை அப்படியே ஏற்றாலும், யார் ஆட்சியில் இருக்கிறாரோ அவரிடம்தான் பணம் போகிறது என்றுதானே அர்த்தம்? திரிணமூல், பிஆர்எஸ், திமுக, ஒடிசாவின் பிஜு ஜனதா தளம் என்று வாங்கியவர்களைப் பாருங்கள், ஒரு மாநிலத்தையாவது ஆண்டவர்கள். டெண்டர் யார் கையிலோ அங்கேதான் பத்திரமும்.

முன்னாடியெல்லாம் இது ஒழுங்கா இருந்துச்சா?

எங்கே! 1957இலேயே டாடா இரும்பு எஃகுக் கம்பெனி, அரசியல் நன்கொடை கொடுக்க வசதியாகத் தன் சாசனத்தைத் திருத்த அனுமதி கேட்டு பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. தலைமை நீதிபதி சாக்ளா அனுமதி கொடுத்தார், கொடுக்கும்போதே இது வளர்ந்தால் ஜனநாயகத்தின் குரல்வளையையே நெரித்துவிடும், நாடாளுமன்றம் கவனிக்கட்டும் என்ற பொருளில் எழுதியும் வைத்தார். 1969இல் இந்திரா காந்தி அரசு கம்பெனி நன்கொடையை மொத்தமாகத் தடை செய்தது. ராஜாஜியின் சுதந்திரா கட்சிக்குத் தொழிலதிபர்கள் கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது, குறி எங்கே என்று அன்றே பேசிக்கொண்டார்கள். தடையால் பணம் நிற்கவில்லை, கறுப்பாகப் போனது. 1985இல் ராஜீவ் அரசு திரும்ப அனுமதித்தது.

எனக்குப் பிடித்த உதாரணம் வேறு. வெளிநாட்டு மூலம் என்று சட்டம் சொல்லும் வேதாந்தா குழுமக் கம்பெனிகளிடம் நன்கொடை வாங்கியது சட்டமீறல் என்று 2014 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. வாங்கியது காங்கிரஸும் பாஜகவும், இரண்டுமே. 2016 நிதிச் சட்டத்தில் விதியையே 2010 முதல் செல்லும்படி மாற்றினார்கள். பழைய பணம் மிச்சம் இருக்கிறதே என்று 2018இல் அதை 1976 வரை பின்னுக்குக் கொண்டுபோனார்கள். நாற்பத்திரண்டு வருடத்துத் தவறு மக்களவையில் விவாதமே இல்லாமல் ஒரே மூச்சில் சரியாகிவிட்டது. நாம் ஹெல்மெட் போடாமல் பிடிபட்டால் இப்படி ஒரு வசதி உண்டா?

நம்ம ஊர்ல ஓட்டுக்கே பணம் வாங்குறோம். நமக்கு இதைப் பேசத் தகுதி இருக்கா?

இருக்கிறது. 2009 திருமங்கலம் இடைத்தேர்தலில் காலைப் பேப்பருக்குள் கவர் வைத்துக் கொடுத்த கதை அமெரிக்கத் தூதரகம் தன் நாட்டுக்கு அனுப்பிய கேபிள் (உள் தகவல் கடிதம்) வரைக்கும் போனது. 2017இல் ஆர்.கே. நகர், 2019இல் வேலூர் என்று தேர்தலையே ரத்து செய்தார்கள், பணம் கொடுத்ததற்காக ஒரு மக்களவைத் தேர்தல் ரத்தானது வேலூரில்தான் முதல்முறை. கேவலம்தான், இல்லை என்று சொல்லவில்லை.

ஆனால் அந்தக் கவருக்குள் வந்த பணம் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. மக்களவை வேட்பாளர் செலவு வரம்பு 95 லட்சம். கட்சியின் செலவுக்கு வரம்பே கிடையாது. 1974இல் உச்ச நீதிமன்றம் கட்சி செய்த செலவையும் வேட்பாளர் கணக்கில் சேர் என்று தீர்ப்பு சொன்னது, உடனே சட்டத்தைத் திருத்தி அதைச் செல்லாமல் ஆக்கிவிட்டார்கள். மேலே அடைப்பில்லாமல் ஊற்றினால் கீழே ஒழுகத்தான் செய்யும். 500 ரூபாய் வாங்கியவரைத் திட்டுவது சுலபம், அவர் பெயரும் முகமும் நமக்குத் தெரியும்.

சரி, இப்போ தடை பண்ணியாச்சே. நின்னுடுச்சா?

பத்திரம் நின்றது, பணம் நிற்கவில்லை. தேர்தல் டிரஸ்ட் என்று 2013 முதல் ஒரு ஏற்பாடு இருக்கிறது. கம்பெனிகள் டிரஸ்டில் போடும், வந்ததில் 95 சதவீதத்தை அந்த ஆண்டே டிரஸ்ட் கட்சிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும். பத்திரம் போன பிறகு அந்தக் கால்வாயில் தண்ணீர் ஏறிவிட்டது. 2024–25இல் டிரஸ்டுகள் கொடுத்தது 3,800 கோடிக்கு மேல், அதில் ஐந்தில் நாலு பங்கு பாஜகவுக்கு. பத்திரத்தைவிட இது தேவலை, கொடுத்தவர் பட்டியலும் வாங்கியவர் பட்டியலும் தேர்தல் ஆணையத்துக்குப் போகிறது. ஆனால் பல கம்பெனிப் பணம் ஒரே பானையில் விழுவதால் எந்தப் பணம் எந்தக் கட்சிக்குப் போனது என்று பிரிக்க முடியாது. அந்த 2024 மார்ச் இரவின் இரண்டு பிடிஎஃப் ஞாபகம் வருகிறதா?

உங்களுக்குத் தனிப்பட்ட முறையில் இதில் என்ன?

என்னிடம் ஒரு கம்பெனியின் 40 பங்கு இருக்கிறது, பெயர் வேண்டாம். தீர்ப்பு வந்ததால், எந்தக் கட்சிக்குக் கொடுத்தோம் என்று கம்பெனி கணக்கில் காட்ட வேண்டும் என்ற பழைய விதி திரும்ப உயிர் பெற்றது. ஆசையாக ஆண்டறிக்கையைத் திறந்து கடைசிப் பக்கங்களில் பொடி எழுத்துக் குறிப்புகளில் தேடினேன். கட்சிப் பெயர் இல்லை, ஒரு டிரஸ்டின் பெயரும் தொகையும் இருந்தது. ஏஜிஎம்முக்கு, அதாவது பங்குதாரர்களின் ஆண்டுக் கூட்டத்துக்கு, முன்னால் கேள்வி எழுதி அனுப்பினேன்: என் பணமும் இதில் இருக்கிறது, யாருக்குப் போனது? இரண்டு வாரம் கழித்துச் செயலாளரிடமிருந்து மரியாதையான பதில் வந்தது. நாங்கள் டிரஸ்டுக்குத்தான் கொடுத்தோம், டிரஸ்ட் யாருக்குக் கொடுக்கிறது என்பது டிரஸ்டின் முடிவு, தங்கள் ஆர்வத்துக்கு நன்றி.